பருத்திப்பட்டின் ஆறாம் புள்ளி

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் கொரட்டூர் ரயில் நிலையத்தில் நின்றேன். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, கைபேசி, மூத்த குடிமக்களுக்கான பேருந்து டோக்கன் நான்கு. ஆவடி வரை ரயில். அங்கிருந்து பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டு வரை பேருந்து. எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஊர் பார்க்கப் போகிறவர் யாரும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டார். இல்லாத ஒரு கழிப்பறையை நம்பி இருவர் புறப்பட்டு வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும்.

எனக்கு எழுபத்தொரு வயது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் திருகாணி முதல் டயர் வரை எண்ணிக்கொண்டிருந்தவன். ஓய்வுபெற்ற பின் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் இந்த வலைப்பூவைத் தொடங்கினேன். புராஸ்டேட் தொல்லை உண்டு. வெளியே கிளம்பினால் போகிற இடத்தைப் பற்றி நான் யோசிப்பதில்லை. வழியில் எங்கே ஒதுங்குவது என்றுதான் யோசிப்பேன். இதே கவலையால் வீட்டை விட்டு இறங்காதவர்கள் பலர் இருப்பார்கள் என்று தோன்றியது. கொரட்டூர், மண்ணூர்பேட்டை, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நானே போய்ப் பார்த்த பதினான்கு கழிப்பறைகளை இணைய வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, அதை இங்கே பதித்தேன்.

"ஊர்ல இருக்கிற கக்கூசையெல்லாம் எண்ணி முடிச்சாச்சா?" என்றாள் என் மனைவி. "முடிஞ்சிருந்தா கையைக் கழுவிட்டு சாப்பிட வாங்க."

பதிப்பது எளிது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரைபடத் தளம் ஒரு நிரல் துண்டு தரும்; அதை நகலெடுத்துப் பதிவுக்குள் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் கட்டுரை எழுதும் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். வாசகர்களுக்கு வரைபடம் வரவில்லை, நிரல்தான் வரி வரியாக வந்தது. பிறகு நிரலுக்கான பக்கத்தைக் கண்டுபிடித்து ஒட்டினேன். வரைபடம் வந்தது, தபால்தலை அளவில். அகலத்துக்கான எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, ஐந்தாம் முறைதான் திரைக்குப் பொருந்தியது. இப்போது நீங்கள் விரலால் நகர்த்தலாம், பெரிதாக்கலாம். ஒரு புள்ளியைத் தொட்டால் சிறு பெட்டி திறந்து சாவி யாரிடம், தண்ணீர் வருமா, எத்தனை படி என்று சொல்லும். நான் ஒன்றை மாற்றினால் எல்லார் திரையிலும் மாறிவிடும். அந்தப் பெருமையில் பக்கத்திலேயே வருகையாளர் எண்ணிக்கைப் பெட்டி ஒன்றும் வானிலைப் பெட்டி ஒன்றும் வைத்தேன்.

போன வாரம் பூந்தமல்லியிலிருந்து சபாபதி என்பவர் பின்னூட்டம் எழுதியிருந்தார். அவர் மனைவி நீர் மாத்திரை சாப்பிடுகிறார். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒருமுறை பேருந்தில் நேர்ந்த அவமானத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக அந்த அம்மாள் வீட்டுப் படி இறங்கவில்லை. வியாழக்கிழமை முத்தாபுதுப்பேட்டையில் மகள் வீட்டில் பேத்திக்குக் காது குத்து. மகள் கார் அனுப்புகிறேன் என்றாளாம். கார் இருந்தாலும் வழியில் ஒதுங்க இடம் வேண்டுமே? "உங்கள் ஆறாம் புள்ளியைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன். எட்டரை மணி வாக்கில் பேருந்து ஏறிப் பருத்திப்பட்டில் இறங்கி, பிறகு அடுத்த பேருந்து பிடிப்போம். இந்த முறையும் ஏதாவது நேர்ந்தால் இனி எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்து இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

புதன்கிழமை மாலை வேறொரு வாசகர் ஒரே வரி எழுதினார்: "ஆறாம் நம்பரை இடித்துப் பத்து நாளாகிறது சார்."

உடனே புள்ளியை அழித்தேன். வரைபடத்தில் அது மறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். சபாபதிக்கும் பதில் எழுதினேன். அதன் பிறகுதான் அவர் பின்னூட்டத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது: "கைபேசியில் எனக்குப் பார்க்க வராது. கணினி மையத்தில் வரைபடத்தை வண்ணத்தில் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன்."

என் திரையில் என்ன அழித்தாலும் அவர் காகிதத்தில் ஆறாம் புள்ளி அப்படியேதான் இருக்கும். அவருடைய தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை. நானே போவதைத் தவிர வழி தெரியவில்லை.

ரயில் நான்கு நிமிடம் தாமதம். பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் அது தேவைக்கு மேல் நிற்பதாகவே பட்டது. ஆவடி பேருந்து நிலையம் என் வரைபடத்தில் ஐந்தாம் புள்ளி. தேவை இல்லாவிட்டாலும் அங்கே போய்விட்டுத்தான் பேருந்து ஏறினேன்.

"எங்க பெரியவரே?" என்றார் நடத்துநர், டோக்கனை வாங்கிக்கொண்டே.

"பருத்திப்பட்டு. அங்கே கழிப்பறை இருந்ததே, அதற்குப் பக்கத்தில்."

"பஸ்ஸு ஸ்டாப்லதான் நிக்கும். அதுக்கெல்லாம் நிக்காது."

எட்டு ஐந்துக்கு இறங்கினேன். வாசகர் சொன்னது உண்மை. ஆறாம் புள்ளி இருந்த இடத்தில் நீளமான பள்ளம், அதைச் சுற்றித் தகரத் தடுப்பு, உள்ளே கால்வாசி தண்ணீர். இரண்டு படி, இடப்பக்கக் கதவு பெண்களுக்கு, வாளி உண்டு என்று நான் எழுதியிருந்தேன். வாளி மட்டும் தடுப்புக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது.

ஓர் ஆட்டோ ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பெர்சு, குழியயே எட்டிப் பாத்துகினு கீறே? எதனா உள்ள உட்டுட்டியா?"

"இங்கே கழிப்பறை இருந்தது."

"இருந்துது. இட்ச்சிட்டாங்க. அர்ஜென்ட்டா? அந்தாண்ட செவுரு கீது, போய்ட்டு வா."

"எனக்கில்லை. ஒரு வயசான அம்மாவுக்கு."

சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பொம்பளையா? அப்ப கஷ்டம்தான் அண்ணாத்தே. நேரா போனா கல்யாண மண்டபம் ஒண்ணு கீது. இன்னிக்கு முகூர்த்தம். கேட்டுப் பாரு."

மண்டபத்துக்கு அறுநூறு அடிக்கு மேல் இருந்தது. அவசரத்தில் வருகிறவரால் இவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே போனேன். வாசலில் காவலாளி மறித்தார்.

"பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?"

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். "ரெண்டும் இல்லை" என்றேன்.

"டிபன் முட்ஞ்சி போச்சு நைனா. கெளம்பு."

எட்டரை ஆகிவிட்டது. அவர்கள் ஏறியிருப்பார்கள். வேகமாகத் திரும்பி நடந்ததில் எனக்கே முட்டிக்கொண்டு வந்தது. கைபேசியில் வலைப்பூவைத் திறந்து, சபாபதி பதிலைப் பார்த்திருப்பாரோ என்று தேடினேன். எண்ணிக்கைப் பெட்டி சொன்னது: இப்போது பார்ப்பவர் ஒருவர். அது நான்தான். வானிலைப் பெட்டி மழைக்கு வாய்ப்பு என்றது.

நிறுத்தத்துக்கு அருகில் ஒரு மாவுக் கடை. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் முதலில் அரைக் கிலோ இட்லி மாவு வாங்கினேன். வாங்கிய பிறகும் நகராமல் நின்றதைப் பார்த்துக் கடைக்கார அம்மாவே கேட்டார்.

"இன்னா சார், வந்ததுலேர்ந்து அங்கியும் இங்கியும் நடந்துகினே கீறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், பிரிண்ட், நீர் மாத்திரை, இரண்டு வருடம். பாதியில் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இம்மாம் தூரம் இதுக்கோசரமா வந்தீங்க? அந்தம்மா இன்னா சொந்தமா?"

"பார்த்ததுகூட இல்லை."

"செரி, அந்தம்மாவ இட்டாங்க. பின்னாலதான் நம்ம ஊடு. ஆனா ஆம்பளைங்க வாணாம், வயசுப் பொண்ணு கீது உள்ள. இன்னொண்ணு, இத்த உங்க மேப்புல கீப்புல போட்டுடாதீங்க. நாளிக்கு ஊரே வந்து வரிசைல நின்னா நான் மாவு ஆட்டறதா, பக்கெட்ல தண்ணி புட்ச்சு வெக்கிறதா?"

போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆகவே வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கடையைப் பற்றி நான் எழுதியதில் இரண்டு விவரங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். மாவின் விலையையும் எழுதவில்லை. விலையை எழுதாமல் விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

எட்டு ஐம்பதுக்கு ஒரு பேருந்து. யாரும் இறங்கவில்லை. ஒன்பது மூன்றுக்கு இன்னொன்று. இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள். நான் மண்டபத்து வாசலில் நின்ற நேரத்தில் வந்து போய்விட்டார்களோ? பள்ளத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருப்பார்களோ? ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"அப்டி யாரும் வர்ல அண்ணாத்தே. நீ மொதல்ல ஒக்காரு. ஒனக்கு எதனா ஆய்டப் போவுது."

ஒன்பது பதினான்குக்கு வந்த பேருந்தின் படியில் ஒல்லியான ஒருவர் நின்றார். கையில் நான்காக மடித்த காகிதம். அதில் பச்சையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள், என் பதினான்கு புள்ளிகள். என் வரைபடத்தை இன்னொருவர் கையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காகச் சந்தோஷப்பட அப்போது நேரமில்லை.

"சபாபதிதானே?"

"ஆமா, நீங்க... வரைபடம் போட்டவரா?"

அவர் பின்னால் இறங்கிய அம்மாள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். "எங்கே?" என்று மட்டும் கேட்டார். நான் கையைக் காட்டினேன். கடைக்கார அம்மா ஏற்கெனவே வெளியே வந்து நின்றார். "வாம்மா, பாத்து, படி கீது" என்று தோளைப் பிடித்து அழைத்துப் போனார்.

சபாபதி தகரத் தடுப்பைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி பள்ளத்தைப் பார்த்தார்.

"நீங்க மட்டும் வரலேன்னா சார்..." காகிதத்தை மறுபடி நான்காக மடித்தார்.

நான் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைச் சற்று நேரம் கவனித்தார். "உங்களுக்கும் அவசரமோ?"

"ஆண்களுக்கு அனுமதி இல்லை."

"அடப்பாவமே, எனக்கும்தான் சார்" என்றார். இருவரும் சிரிக்கக்கூட பயந்துகொண்டு நின்றோம்.

அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். புடவை ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. தலையில் புதிதாக இரண்டு கண்ணி மல்லிகை. "மோர் குடுத்தாங்க. வேணவே வேணாம்னுட்டேன்" என்றார் கணவரிடம். பிறகு கடைக்கார அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?" என்று கேட்டார்.

"எட்டு வரிக்கும் தொறந்துதான் கீறேன். நீ பாட்டுக்கு வா."

சபாபதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஆறை அடிச்சிட்டு இந்தக் கடையைக் குறிச்சுக் குடுங்க சார்."

"அதெல்லாம் எழுத வேணாம்" என்றார் அம்மாள். "எடம் எனக்குத் தெரியும்."

அடுத்த பேருந்தில் மூவரும் ஏறினோம். ஆவடியில் நானும் சபாபதியும் ஐந்தாம் புள்ளிக்கு ஏறக்குறைய ஓடினோம். அந்த அம்மாள் பையை வைத்துக்கொண்டு நிழலில் நிதானமாக உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். பிறகு அவர்கள் முத்தாபுதுப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினார்கள். நான் ரயில் பிடித்து வீடு வந்தபோது மாவு பொங்கிப் பைக்குள் வழிந்திருந்தது. "வேற ஊர்ல போய் மாவு வாங்கிட்டு வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி.

கீழே இருக்கும் வரைபடத்தில் இப்போது பதின்மூன்று புள்ளிகள். ஐந்துக்கு அடுத்து ஏழு வருகிறதே, பிழையா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பிழை இல்லை. எண்களை வரிசையாக மாற்ற இரண்டு முறை உட்கார்ந்தேன்; மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு ஒரே கவலை. திரும்பும் வழியில் பேருந்து தாமதமாகி, எட்டு மணிக்கு மேலாகி, கடை மூடியிருந்தால்? மாலையில் சபாபதியின் பின்னூட்டம் வந்தது:

"நல்லபடி வீடு சேர்ந்தோம் ஐயா. வரும்போது பருத்திப்பட்டில் இறங்கவில்லை, தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கடை வந்ததும் இவள் என்னை எழுப்பிவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கை காட்டினாள். அந்த அம்மா மாவுக் கையோடு திருப்பிக் காட்டினார்."