பிள்ளைகளை எழுப்பிவிட்ட ஞானம் அக்கா

ஞானம் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அச்சுவேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் எங்கள் சிறுவர் இல்லத்தின் செயலாளர். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். அதே மூச்சில், "ரீச்சர், பிள்ளையளுக்கு இப்ப சொல்லவேண்டாம். கொழும்புக்கு மருந்தெடுக்கப் போயிருக்கிறா எண்டு சொல்லி வையுங்கோ. இல்லாட்டிக் கத்திக் குளறுவினம்," என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யாருடைய சாவை யாரிடம் மறைக்கச் சொல்கிறார் இந்த மனுசன்?

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபம் விளங்கும். குருநகர்ப் பெண், இல்லத்தின் மேற்பார்வையாளர். கடற்கரையில் நின்று அப்பாவின் வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்று தன் குரலைப் பற்றித் தானே சொல்லிச் சிரிப்பார். நான் மாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஊழியக் குழுக்கள் வந்தால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான்.

ஆகஸ்டில் ஒரு சபையின் இளைஞர்கள் வருவார்கள். நல்ல பிள்ளைகள். பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், சுவருக்கு நிறமடிப்பார்கள், சின்னதுகளை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டார்கள். "காலிருக்கிற பிள்ளையை ஏன் காவுறியள்? உந்தச் சட்டியைக் காவுங்கோ," என்று அக்கா அவர்களைக் குசினிக்கு அனுப்புவார். நான் அதைக் கொஞ்சம் இனிப்பாக்கி மொழிபெயர்ப்பேன். "நான் சொன்னது உவ்வளவு நீளமில்லையே," என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

இல்லத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. குழு விடியுமுன்னே புறப்பட வேண்டும். பிள்ளைகள் நித்திரையில் இருக்கையில் சத்தமில்லாமல் வான் வண்டியில் ஏறிவிட வேண்டும். அழுகையைத் தவிர்க்க நிருவாகம் கண்டுபிடித்த வழி அது.

இல்லத்துப் பிள்ளை அனுஷாவின் அம்மாவும் அப்படித்தான் குவைத்துக்கு வேலைக்குப் போனார். மகள் கண்விழித்தபோது பாயின் மற்றப் பாதி வெறுமையாக இருந்தது. பாவம், அந்தத் தாய்க்கும் வேறு வழி தெரிந்திருக்காது. இல்லத்துக்கு வந்த பிறகு அனுஷா யாரிடமாவது ஒட்டிக்கொண்டால் நித்திரைகொள்ளப் பயப்படுவாள். ஆட்கள் போனபின் கதவுக்குப் பின்னால், கிணற்றடியில், கட்டிலுக்குக் கீழே என்று தேடித் திரிவாள். ஒரு வருடம் குழுவில் வந்த எமிலி என்ற பெண்ணிடம் அப்படி ஒட்டிக்கொண்டாள்.

எமிலியின் குழு புறப்படும் விடியற்காலையில், பிள்ளைகள் படுக்கும் அறையின் விளக்குகளை அக்கா போட்டார். "எழும்புங்கோ. உவை போகினம். வந்து வழியனுப்புங்கோ."

செயலாளர் ஓடிவந்தார். "உமக்கென்ன விசரே? பிள்ளையளை அழப்பண்ணுறீர்."

"அழட்டும் ஐயா. ஏமாந்துபோய் வீடெல்லாம் தேடித் திரியிறதிலும் தெரிஞ்சு அழட்டும்."

எமிலி அனுஷாவைக் கட்டிப்பிடித்து, சீக்கிரம் சந்திப்போம் என்றாள். அக்கா என் பக்கம் திரும்பினார். "உண்மையா வருவாவோ எண்டு கேளும்." கேட்டேன். எமிலி தலையைக் குனிந்துகொண்டு, தெரியாது, வரமுடியாமலும் போகலாம் என்றாள். "அதை அப்பிடியே பிள்ளைக்குச் சொல்லும். இனிப்புப் போடாதையும்."

சொன்னேன். அனுஷா குளறினாள். எமிலியும் குளறினாள். வான் போனபின் அக்கா, "அழுது முடிஞ்சவை புட்டுச் சாப்பிட வாங்கோ. முடியாதவை அழுதுபோட்டு வாங்கோ," என்றார். அனுஷா கடைசியாக வந்து இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். அன்று அவள் எங்கேயும் தேடவில்லை.

வெளிநாட்டார் மனம் நொந்தால் இனி வரமாட்டார்கள் என்று நிருவாகம் அக்காவைக் கூப்பிட்டு எச்சரித்தது. "வராட்டி விடட்டும். பிள்ளையள் இங்கைதானே இருக்கினம்," என்று சொல்லிவிட்டு வந்து சோறு வடித்தார். அடுத்த வருடமும் குழு வந்தது. அடுத்த வருடமும் விளக்கைப் போட்டார்.

சந்தையிலிருந்து நேரே இல்லத்துக்குப் போனேன். பிள்ளைகளை விறாந்தையில் இருத்தி, "ஞானம் அன்ரி செத்துப்போனா," என்றேன். கர்த்தரிடம் நித்திரையானார் என்றெல்லாம் சுற்றவில்லை.

இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்ட அனுஷாதான் முதலில் வாய் திறந்தாள். "எங்களுக்குச் சொல்லாமலோ ரீச்சர்?"

"அவவுக்கே தெரியாதடி. தெரிஞ்சிருந்தா எல்லாரையும் எழுப்பிப்போட்டுத்தான் போயிருப்பா."

அதன்பிறகு வந்த குளறலில் அயல்வீட்டார் ஓடிவந்தார்கள்.

அடக்கத்துக்கு எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக் குருநகருக்குக் கூட்டிப்போனேன். தேவாலயத்துக்குள் பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று கத்தி அழுதார்கள். செயலாளர் என் காதருகே வந்து, "உவையை வெளியிலை கொண்டுபோங்கோ," என்றார். "மாட்டன்," என்றேன். பெட்டி மூடும்வரை பிள்ளைகள் அங்கேயே நின்றார்கள்.

சொல்லைக் கேட்காமல் நடந்ததற்கு நிருவாகம் இப்போது என்னிடம் விளக்கம் கேட்கிறது. பிள்ளைகள் அழுதார்கள், அழவேண்டிய ஆளுக்காக அழுதார்கள். இதற்குமேல் என்னிடம் விளக்கம் இல்லை. பிள்ளைகளின் அழுகைக்குப் பயப்படாமல் உண்மையைச் சொல்லும் பிடிவாதம் ஒன்றைத்தான் அக்கா எனக்கு விட்டுப்போயிருக்கிறார். வேலை போனாலும் அதை நான் விடப்போவதில்லை.