பொட்டிதானே வாசிக்குது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஆம்ப்ளிஃபயர் தானாக வாசிக்காது. நான்தான் வாசிக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கம்பி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போன ஒருத்தி இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் உழவர்கரையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினைந்து வயதில் கோயில் பாட்டுக் குழுவில் கிடாரைப் பிடித்தேன், இன்னும் விடவில்லை. என் தம்பி டிரம்ஸ் வாசிக்கிறான். என்னைவிட ஏழு வயது சின்னவன். அவன் சிறுசாக இருந்தபோது சமையலறை டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கிடார் பழகுவேன். பழகி முடித்ததும் என் இடது கையை இழுத்து, காய்த்த விரல் நுனிகளை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். "வலிக்குதாக்கா?" என்று கேட்பான். வலிக்கவில்லை என்றால் அவனுக்கு ஆச்சரியம் தாங்காது.

அந்த டப்பா கச்சேரிதான் வளர்ந்து எங்கள் பேண்ட் ஆனது. கல்யாண வரவேற்பு, ஞானஸ்நான விருந்து, கடற்கரைப் பக்கத்து ஹோட்டல்களில் சனிக்கிழமை சாயங்காலம் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தம்பி டிரம்ஸ், நான் லீட் கிடார், ஒருவர் கீபோர்டு, பாடுவதற்கு ஒரு ஜோடி. புரோகிராம் பிடிப்பதும் பேசுவதும் தம்பி. நான் வாயைத் திறந்தால் வந்த புரோகிராமும் போய்விடும் என்பது அவன் கட்சி. அது ஓரளவு உண்மை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

முன்பு என்னிடம் இருந்தது பழைய வால்வு ஆம்ப். அதைத் தூக்க இரண்டு ஆம்பளை வேண்டும். சூடாகி நல்ல சத்தம் வர அரை மணி நேரம் ஆகும். சத்தம் வந்துவிட்டால் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டுவார். அது ஒருநாள் மொத்தமாகக் கண்ணை மூடியதும்தான் இந்த டிஜிட்டல் மாடலிங் ஆம்பை வாங்கினேன். ஒரு கையில் தூக்கிவிடலாம். பேருக்கு ஏற்ற வேலைதான் செய்கிறது. பழைய காலத்துப் பெரிய பெரிய ஆம்ப்கள் ஒவ்வொன்றும் சத்தத்தை எப்படி வளைக்கும், எப்போது கரகரக்கும், எப்போது உருகும் என்பதையெல்லாம் கணக்காக மாற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள். கணக்கு டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வாங்கிய அன்றைக்கே எனக்கும் அதற்கும் ஒத்துப்போய்விட்டது.

ஆனால் அது கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது. கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய சத்தங்கள் எல்லாம் கடைக்கு வருபவனை மயக்கத்தான். மண்டபத்தில் வைத்தால் வெறும் இரைச்சல். கோடை விடுமுறை இரண்டு மாதமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பல்லவிக்கு எவ்வளவு கூர்மை, அந்த வால்ஸ் நடன மெட்டுக்கு எவ்வளவு மென்மை, எதிரொலி எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் காதால் அளந்து எண் போட்டுச் சேமித்தேன். வெளியில் ஒரு சத்தமும் கேட்காது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பிய சும்மா தடவிக்கினே இருக்கியே, சோறு எப்ப?" என்பார். அடுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூலக்குளம் பக்கத்தில் ஒரு மண்டபம். சொல்தா வீட்டுக் கல்யாணம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். காலையில் பூசையில் தாலி கட்டியாயிற்று, சாயங்காலம் வரவேற்பு. பிரான்சிலிருந்து பாதி சொந்தம் வந்திறங்கியிருந்தது. கேக் வெட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆட வால்ஸ் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "பெரிய எடம்க்கா, சேல கட்டிக்கினு வா" என்றான் தம்பி. கட்டிக்கொண்டு போனேன்.

மேடை ஏறியதுமே ஆரம்பித்தது. என் ஆம்ப் பெட்டியின் பின்னாலிருந்து ஒரு ஒயரை மண்டபத்து ஸ்பீக்கருக்கு இழுக்க வேண்டும். சவுண்டுக்காரர் என்னைத் தாண்டிப் போய்த் தம்பியிடம், "சார், மேடத்தோட பொட்டியில லைன் எங்க எடுக்கணும்?" என்று கேட்டார். மேடம் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். தம்பிக்கு அந்தப் பெட்டியில் ஆன் ஆஃப் தவிர ஒன்றும் தெரியாது. "இங்கதான் எங்கயோ இருக்கும்" என்று அவனும் பெரிய மனுஷனாகப் பதில் சொல்கிறான். நான் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன்.

பெட்டியோடு ஒரு கால் பட்டன் உண்டு. அதை மிதித்துவிட்டு எட்டு தாளச் சுற்று வாசித்தால், அந்த எட்டு சுற்றையும் அது பிடித்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன் மேல் நான் வேறொன்றை வாசிக்கலாம். ரெண்டாவது கிடார் இல்லாத பேண்டுக்கு இது பெரிய உபகாரம். வால்ஸுக்கு அப்படித்தான் பின்னணிக் கோர்டுகளை வாசித்துச் சுற்றவிட்டு, மேலே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். ஜோடி நன்றாக ஆடியது. நடுவில் கிடார் பட்டை இழுத்து முந்தானை பின் கழன்றுவிட்டது. மெட்டை ஒரு மூச்சு நிறுத்தி, இரண்டு கையாலும் பின்னைக் குத்தினேன். சுற்றுவது சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்பளை கிடாரிஸ்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பெண்ணின் பெரியப்பா முன் வரிசையில் இருந்தார். பிரான்சில் செட்டில் ஆனவர், கோட்டு சூட்டு, வீட்டில் எல்லாரும் அவருக்கு எழுந்து நிற்கிறார்கள். என் கை கிடாரில் இல்லாததைப் பார்த்துவிட்டார். பாட்டு முடியும் தறுவாயில் மேடைக்கே வந்து, பாடுகிற பெண்ணின் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் கைதட்டுங்க. மதாமுக்கு இல்ல, பொட்டிக்கு. மதாம் சேலய சரி பண்றாங்க, பொட்டி பாட்டுக்கு வாசிக்குது!"

மண்டபமே சிரித்தது. விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று பிற்பாடு எல்லாரும் எனக்கு விளக்கினார்கள். விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டாமா?

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் டீச்சர் புத்தி, விளக்கப் பார்த்தேன். "சார், அது நான் இப்ப வாசிச்சதுதான். அதத்தான் திருப்பிச் சொல்லுது. பாருங்க" என்று கால் பட்டனை மிதித்தேன். சுற்று நின்றது.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர். "பட்டன அமுக்குனா நிக்குது. அப்ப பட்டன்தானே வாசிக்குது?"

இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு நிரூபணம் எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வேன். இங்கே முழுசாக மார்க் போட்டுக் கைதட்டுகிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற கீபோர்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு பட்டனை அமுக்கினால் தவில் வரும், இன்னொன்றை அமுக்கினால் வயலின் கூட்டமே வரும். நாலு பாட்டுக்குத் தாளம் அதுவே போட்டுக்கொள்ளும், அவர் நடுவில் தண்ணீர் குடிப்பார். அவரை இந்த ஊரில் எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "டெக்னாலஜி தெரிஞ்சவர்" என்று மரியாதை வேறு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஆண்டி சேலை கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது எனக்குப் புதுசுமில்லை. மிக்சி அரைக்குது, குக்கர் வேக வைக்குது, வாஷிங் மிஷின் துவைக்குது, பொம்பளைங்களுக்கு அப்புறம் என்ன வேலை என்று காலம் காலமாகக் கேட்கிற வாய்தானே இது. பெரியப்பா கியர் இல்லாத காரில் வந்திறங்கினார். கார்தான் ஓட்டுகிறது, இவர் சும்மா உட்கார்ந்து வருகிறார் என்று யாராவது மைக்கில் சொன்னார்களா?

கிடாரைக் கழற்றினேன். பெட்டியில் பிடித்துவைத்திருந்த சுற்றை அழித்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதே எண், அதே சத்தம், விளக்கு எரிகிறது. கிடாரை அவர் கழுத்தில் மாட்டினேன். மனுஷன் எதிர்பார்க்கவில்லை, குனிந்து வாங்கிக்கொண்டார்.

"பொட்டி ஆன்லதான் சார் இருக்கு. பட்டன் உங்க காலுக்குக் கீழ இருக்கு. அமுக்குங்க. வாசிக்கட்டும், கேப்போம்."

அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். கம்பியில் கையை வைத்து ஒரு இழு இழுத்தார். தகரக் கதவு காற்றில் அடித்துக்கொள்வதுபோல் ஒரு சத்தம் வந்து, நான் கோடை முழுக்க உட்கார்ந்து அளந்து வைத்த எதிரொலியில் அது மூன்று தரம் திரும்பத் திரும்பக் கேட்டது. மண்டபம் இந்த முறையும் சிரித்தது, ஆனால் வேறு பக்கமாக. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். பெரியப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. கிடாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து டிரம்ஸ் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. தம்பி எழுந்து, என்னைத் தாண்டி, மேடையை விட்டு இறங்கி, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான்.

"மன்னிச்சிக்குங்க சார். அக்காவுக்குக் கொஞ்சம் டென்ஷன். மனசுல வெச்சிக்காதீங்க."

பெரியப்பா சொன்னதைக்கூட நான் மறந்துவிடுவேன். அவர் யாரோ. இவன் என் தம்பி. எதற்கு மன்னிப்பு? நான் எதைத் திருடினேன்? மிச்சப் பாட்டுகளை வாசித்து முடித்தேன். ஒரு சுரம் தப்பவில்லை. கோபத்தில் எனக்கு விரல் இன்னும் நன்றாக ஓடும்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "நீ சொல்றது சரிதான்க்கா, ஆனா..." என்றான். அந்த 'ஆனா'வை நான் எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில், பங்குப் பேரவையில், சொந்த வீட்டில். சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, உனக்கு அது கிடையாது என்று சொல்லும் வார்த்தை அது. "கஸ்டமர் முக்கியம்க்கா. அந்த வூட்ல இன்னும் ரெண்டு கல்யாணம் இருக்குது" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் பேச்சில்லை. அடுத்த திங்கட்கிழமை போன் செய்தான். "அக்கா, இந்த சனிக்கெழம ஹோட்டல் புரோகிராமுக்கு நீ ரெஸ்ட் எடு. காலாப்பட்டுலேருந்து ஒருத்தர் வர்றாரு, நல்லா வாசிப்பாரு. கொஞ்ச நாள் இப்டி போவட்டும்." கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா. சரி என்று வைத்துவிட்டேன். அன்றைக்குப் போர்டில் போட்ட ஒரு கூட்டல் தப்பானது. என் சர்வீஸில் அப்படி நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போன்.

"அக்கா, அவர்கிட்ட ஆம்ப் இல்ல. உன் பொட்டிய ஒரு நாளைக்குக் குடேன். அந்த சவுண்டு ஹோட்டல்காரங்களுக்குப் பழகிப்போச்சு, அதான் வேணும்கிறாங்க. எந்த நம்பர்ல எந்தப் பாட்டு இருக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டன்னா போதும்."

போதும் என்றான். டிரம்ஸ் வாசிப்பவன் உட்காருவது எனக்குப் பின்னால். இத்தனை வருஷமும் அவன் பார்த்தது என் முதுகையும் பக்கத்தில் ஒரு பெட்டியையும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியப்பா ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார். இவன் இத்தனை வருஷம் பார்த்துவிட்டு அதையேதான் சொல்கிறான்.

"வந்து எடுத்துக்கினு போ" என்றேன்.

அன்று சாயங்காலம் பெட்டியை மேஜைமேல் வைத்துத் துடைத்தேன். எல்லா எண்களையும் அழித்துவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஐந்து நிமிஷ வேலை. அழிக்கவில்லை. அது என் உழைப்பு, எவனுக்காகவோ நான் ஏன் அழிக்க வேண்டும்? பேப்பரில் ஒவ்வொரு எண்ணும் எந்தப் பாட்டுக்கு என்று வரிசையாக எழுதினேன். டீச்சர் கையெழுத்து, யாரும் குறை சொல்ல முடியாது. ஒயரைச் சுருட்டி, கால் பட்டனையும் பேப்பரையும் மேலே வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் வந்தான். நான் சண்டை போடுவேன் என்று பயந்துகொண்டு வந்தது முகத்திலேயே தெரிந்தது. எல்லாம் தயாராக இருந்ததைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. திங்கக்கெழம பத்திரமா கொணாந்துடுறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டான்.

"நில்லுடா" என்றேன்.

நின்றான். என் இடது கையை அவன் முகத்துக்கு நேராக விரித்து நீட்டினேன். சின்ன வயதில் அவன் சுரண்டிப் பார்த்த அதே விரல்கள். இப்போது இன்னும் கெட்டியாக, மஞ்சளாக, கோடு விழுந்து இருக்கின்றன.

"பொட்டிய எடுத்துக்கின. இத எப்ப வந்து எடுத்துக்கினு போவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, பவர் ஒயர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பெட்டியின் பின்பக்கத்தையே தடவிக்கொண்டு நின்றான்.