சல்லடை முன் நின்ற லலிதா மேடம்

ஆலுவாவிலிருந்து லலிதா மேடத்தின் தங்கை அழைத்தார். "அக்கா போயிட்டா, மணி சார். உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்." ஏன் எனக்கு முதலில் என்று கேட்கத் துணியவில்லை. மட்டாஞ்சேரியில் அவரை அறிந்த நீங்கள் இந்த அஞ்சலியை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். கூட வேலை பார்த்தவன் என்ற உரிமையில் மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவர்கள். ஓய்வுக்குப் பின், இங்கே ஒரு மிளகுக் கிடங்கில் கூலிப் பேச்சுவார்த்தை வந்தபோது, ஆண், பெண் கூலி வித்தியாசத்தை அளந்து காரணம் சொல்ல இரு தரப்பும் எங்களை அழைத்தன. பெண்களுக்குக் கூலி குறைவு என்பது எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது. ஆனால் ஒரே பதவியில் இருப்பவர்களை ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. ஆண்களில் பெரும்பாலோர் ஆபரேட்டர். பெண்களில் பெரும்பாலோர் ஹெல்பர். பதவிதான் காரணம் என்றேன்.

"அந்தப் பதவியைக் கொடுத்தது யாரு, சார்?" என்றார் மேடம்.

மறுநாள் கிடங்குக்குப் போய்ச் சல்லடை இயந்திரத்தின் முன் நின்றார். மிளகுத் தூசியில் தும்மித் தும்மிக் கண் சிவந்தது. யாரிடமும் என்ன பதவி என்று கேட்கவில்லை. யார் கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தார். ஆபரேட்டர் சேட்டன் சாயா குடிக்கப் போனதும் ஹெல்பர் செல்வி இயந்திரத்தை ஓட்டினார். காலையில் பாதி நேரம் அவர்தான் ஓட்டினார்.

"அவருக்கு அந்தச் சாயா தீரவே தீராது, டீச்சரே" என்று செல்வி சிரித்தார்.

அதைவிட என்னை மலைக்க வைத்தது அடுத்து மேடம் செய்தது. ஹெல்பர் பெண்கள் சல்லடை ஓட்டுவதை எழுதியதோடு, மூட்டை சுமப்பது ஆண்கள் மட்டுமே, அதற்குக் கூடுதல் கூலி நியாயம் என்றும் அறிக்கையில் எழுதினார். பெண்கள் கொதித்துப்போனார்கள். "நீங்க யாரு பக்கம்?" என்று செல்வி முகத்துக்கு நேரே கேட்டார். நானாக இருந்தால் அந்த வரியை எடுத்திருப்பேன். மேடம் குரலை உயர்த்தவில்லை.

"மூட்டைக்கு உண்டானதை விட்டுக்கொடுத்துடுவோம், செல்வி. மிச்சத்துக்கு முதலாளி பதில் சொல்லட்டும்."

பேச்சுவார்த்தைக்கு முதலாளி மூட்டையைக் காரணம் சொல்லத்தான் வந்திருந்தார். அது ஏற்கெனவே அறிக்கையில் இருந்தது. வேறு காரணம் அவரிடம் இல்லை. சல்லடை ஓட்டுவது யாராக இருந்தாலும் ஒரே கூலி என்று அன்று மாலை முடிவானது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை நாமே முதலில் எழுதிவிடுவது. பயந்த சுபாவக்காரனாலும் செய்யக்கூடிய துணிச்சல் அது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.