போட்டேன்னவரும் வாறேன்னவரும்

போன வாரம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் ட்ரோன் விட்டு மருந்தடித்தார்கள். அது தலைக்கு மேல் இரைந்துகொண்டு வந்ததுதான் தாமதம், நான் வரப்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். இத்தனைக்கும் விமானப்படையில் இருந்தவன்! ட்ரோனை இயக்கிய பொட்டிப்புரத்துப் பெண் சிரித்துவிட்டாள். "என்ன தாத்தா, மயக்கமா? இங்கன நெழல்ல உக்காருங்க." பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது எல்லையோரம் ஒரு போர் விமானப் பிரிவில் நான் மெக்கானிக். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஏணி பிடிப்பேன், கண்ணாடி துடைப்பேன், விமானியை இருக்கையோடு சேர்த்து வார் மாட்டிவிடுவேன். என் விமானத்தை ஓட்டியவர் மலையாளி. கேரள எல்லையை ஒட்டிய லோயர் கேம்பில் வளர்ந்தவனுக்கு மலையாளம் தெரியாமல் இருக்குமா? அதனால் என்னிடம் தனிப் பிரியம்.

அடுத்த விமானம் ஒரு பஞ்சாபி இளைஞருடையது. அதைக் கவனித்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ராயப்பன்பட்டிக்காரர். எனக்கு அண்ணன் மாதிரி. எங்கள் பக்கம் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பஞ்சாபிக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மனுஷர் கக்கூஸுக்குப் போனாலும் "வாறேன்!" என்று கத்திவிட்டுத்தான் போவார்.

அன்று காலை எதிரியின் விமானத்தளத்தைத் தாக்க உத்தரவு. அங்கே பீரங்கிகள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாரை மாட்டிவிட்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். மலையாளி சார் என் கன்னத்தில் தட்டி, "போட்டேடா" என்றார்.

'போகட்டுமா' என்று அர்த்தம். குமுளிக் கடைகளில் தினமும் கேட்டதுதான். ஆனாலும், "சார், வாறேன்னு சொல்லுங்க சார்!" என்று கெஞ்சினேன். என்ஜின் பிடித்துவிட்டது, அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து விமானத்தில் பஞ்சாபி எங்களைப் பார்த்து வாயசைத்துக் கையாட்டினார். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் காத்திருப்பு. வானத்தைப் பார்ப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக நின்றேன். "ஏலே, அந்தாளு பாஷை அப்படி. வந்துருவாக, அழுவாத" என்றார் அண்ணன்.

விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. கடைசியாக, இறக்கை முழுக்க ஓட்டைகளோடு என்னுடையது. ஓடிப்போய் ஏணியைச் சாத்தினேன். மலையாளி சார் இறங்கினார். பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் தன் ஏணியைப் பிடித்தபடியே நின்றார். பொழுது சாய்ந்தும் விடவில்லை.

"வாறேன்னுதானலே சொன்னாக? நீயும் பாத்தேல்ல?"

அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். முன்பெல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஒரு தைரியம் வரும். அது அன்றோடு சரி.

பாதித் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு, மீதியை நாளைக்கென்று வைத்து, ட்ரோன்காரப் பெண் வண்டியைக் கிளப்பினாள். "வாறேன் தாத்தா." மறுநாள் அவள் வண்டிச் சத்தம் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.