தனிக் கத்தரி

அந்தத் தையல்கூடத்தில் இரண்டு மெஷினுக்கு நடுவே ஒரு நூல்கத்தரி தொங்கும். காலர் தைக்கும் அக்காவும் பக்கத்து மெஷின்காரியும் பதினொரு வருஷமாக அந்த ஒரு கத்தரிக்காகத் தினமும் சண்டை பிடித்தவர்கள்.

எச்.ஐ.வி. என்று தெரிந்து அக்கா ஒடிந்துபோனபோது மருத்துவமனை ஆலோசகர் சொன்னார்: "சட்டமே இருக்கும்மா. உங்க சம்மதம் இல்லாம யாரும் வெளியில சொல்லக் கூடாது. வேலையை விட்டும் தூக்க முடியாது." அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில் அக்காவை யார் பார்த்தார்களோ, சேதி பரவிவிட்டது. மேஸ்திரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையும் போகவில்லை. திங்கட்கிழமை காலை அக்காவின் மெஷினில் மட்டும் புதுக் கத்தரி ஒன்று, பிடியில் சிவப்புத் துணி சுற்றித் தொங்கியது. இந்த நோய் கத்தரியில் ஒட்டாது என்று யார் யாருக்குச் சொல்வது? இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? பக்கத்து மெஷின்காரி குனிந்த தலை நிமிரவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் தையல்கூடத்துக்கு வந்த அக்காவின் மகள் வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள். "ஐ! உனக்கு மட்டும் தனிக் கத்தரியாம்மா? பெரிய ஆளாயிட்டே!"

"ஆமாண்டி," என்றாள் அக்கா.

பதினொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த இரண்டு மெஷினுக்கும் நடுவே சண்டை வரவில்லை.