போர்டை முழுசாப் படிச்சியா?

போன சனிக்கிழமை. மறுநாள் சிதம்பரத்தில் என் மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம். அண்ணாமலை நகர் வீட்டில் தாம்பூலத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. என் தம்பி ரவி. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேன் பேச, வடலூரிலிருந்து கடலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

"அக்கா... குறிஞ்சிப்பாடி பெரிய மாமா போய்ட்டாருக்கா!"

பெரிய மாமா என்றால் என் கணவரின் அண்ணன். குடும்பத்துக்கு மூத்தவர். நிச்சயத்தில் தட்டு மாற்ற வேண்டியவரே அவர்தான்.

"யார்ரா சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. பஸ் ஜன்னல்லேர்ந்து என் கண்ணால பார்த்தேன். கண்ணீர் அஞ்சலின்னு டிஜிட்டல் போர்டு. அதுல அவுரு போட்டோ, இம்மாம் பெருசு!"

பங்காளி வீட்டுச் சாவு என்றால் தீட்டு. நிச்சயம் நின்றுவிடும். 'தள்ளி வைத்தால் போச்சு' என்கிறீர்களா? ஏற்கெனவே ஒரு வரன் அப்படித்தான், 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போய் ஒரேயடியாகப் போனது. இரண்டாவது முறையும் என்றால், என் பெண்ணை ஊர் என்ன சொல்லும்?

மாமா வீட்டு லேண்ட்லைன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. அவர் செல் ஸ்விட்ச் ஆஃப். என் கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாவு வீட்ல யாரு போனை எடுப்பா? சம்பந்திக்குச் சொல்லிடறேன். மறைச்சோம்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது" என்று நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ... போனைப் பிடுங்கினேன்.

"கூடப்பொறந்த அண்ணன் போயிருந்தா மொத போன் உங்களுக்குத்தானே வரணும்? பஸ்ல போறவன் சொல்லியா நமக்குத் தெரியணும்?"

அடுத்து ரவிக்குப் போன் போட்டேன்.

"பஸ்ஸை விட்டு எறங்கு. திரும்பிப் போ. போர்டை முழுசாப் படி. அப்பறம் மாமா வீட்டுக்கே போய்ப் பாரு. அதுக்குள்ள வேற யாருக்காச்சும் போன் போட்ட... தொலைச்சிடுவேன்!"

என் கணவர் உள்ளே அழுதார். நான் அடுக்கிய தட்டையே கலைத்துக் கலைத்து அடுக்கினேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

கடைசியில் ரவி நம்பரிலிருந்து போன். ஆனால் பேசியது...

"ஏம்மா, எனக்குக் காரியமே பண்ணிட்டீங்களாமே?"

பெரிய மாமா! நான் ஓவென்று அழுதுவிட்டேன் — சந்தோஷத்தில்தான்.

நடந்தது இதுதான். இறந்தவர் எதிர் வீட்டுக்காரர். தெரு சார்பில் போர்டு வைத்தவர் நம் மாமா. நம்மூர் போர்டுகளைத்தான் பார்த்திருப்பீர்களே! போனவர் படம் மூலையில் ஸ்டாம்ப் சைஸில். வருந்துகிறவர் படம் ஆளுயரத்துக்கு, கூப்பிய கையோடு! மாமா வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் அந்த எதிர் வீட்டில். மாமாவோ சுடுகாட்டுக்குப் போனபோது செல்லை அணைத்தவர், திரும்பப் போடவே மறந்துவிட்டார்.

"பெருசாப் போட்டாதானம்மா நாலு பேருக்குத் தெரியும்?" என்று விளக்கம் வேறு.

செல்போன் வந்தாலும் வந்தது, குடும்பச் செய்தியை முதலில் சொல்வதில் நமக்கெல்லாம் ஒரு போட்டி. சரியாகச் சொல்வதில் மட்டும் போட்டியே கிடையாது! கெட்ட செய்தி நிஜமென்றால், கொஞ்சம் தாமதமாகச் சொல்வதால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பொய்யென்றால்? அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு கல்யாணமே பிழைத்துவிடும். எங்கள் வீட்டில் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜாம் ஜாமென்று நிச்சயம் நடந்தது. பட்டு வேட்டியில் பெரிய மாமா கம்பீரமாக நின்று தட்டு மாற்றினார். நித்யா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சம்பந்தியம்மா என் காதோரம் வந்து கேட்டார்: "உங்க பெரிய மாமாவுக்கு வயசாச்சே, ஒடம்பு எப்படி, நல்லா இருக்காரா?"

"நேத்துதான் செக் பண்ணோம். நல்லா இருக்காரு!" என்றேன்.