செல்லையா தனியாகப் போன ஞாயிற்றுக்கிழமை

செல்லையா இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குப் பழங்காநத்தம் ரேஷன் கடை வரிசையில் கிடைத்தது. தந்தி ஆபீசில் எங்களோடு வேலை பார்த்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, விஷயம் தெரியுமா? நம்ம செல்லையா போயிட்டாருண்ணே. காலையில நெஞ்சு வலின்னாராம்" என்றார். எனக்கு முன்னால் நாலே பேர்தான் நின்றார்கள். வரிசையை விட்டு விலகி, வெறும் பையோடு நாகமலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல மனுஷன் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். நானும் சொல்வேன். ஆனால் அவருக்கு நான் செய்த ஒரு காரியம் உங்களில் பலருக்குத் தெரியாது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆபீசில் நாங்கள் நாலைந்து பேர், லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் ஊருக்கு மற்றவர்கள் போவது என்று வைத்திருந்தோம். அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் செல்லையாதான். "வீட்டுக்குப் போகாம ஒரு ஆளைத் தெரியும்னு எப்படிண்ணே சொல்றது?" என்பார். முதலில் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருந்த காலனி. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த அவருடைய அப்பா, எங்களைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "அப்பா, உக்காருங்க. இவுக என் கூட வேலை பாக்குறவுக" என்றார் செல்லையா. அவர் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குச் சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவரோடு ஊருக்குப் போவது தனி ருசி. மேற்கே ஒரு கிராமத்துக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டால், "இந்தா, கூப்பிடு தூரந்தேன்" என்பார்கள். இரண்டு மைல் நடந்தாலும் ஊர் வராது. "இந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தொண்டை அம்புட்டுப் பெருசுண்ணே" என்பார் செல்லையா. வேர்த்து வழிந்துகொண்டே சிரிப்போம். நாங்கள் பார்க்காததையும் அவர் பார்ப்பார். ஒரு நாள் திரும்பும்போது சொன்னார்: "சில ஊர்ல தண்ணி கொடுத்துட்டு யாருன்னு கேக்குறாக. சில ஊர்ல யாருன்னு கேட்டுட்டுத்தேன் தண்ணி கொடுக்குறாக. கவனிச்சீகளா?" நான் கவனித்ததில்லை. எனக்கு எந்த ஊரிலும் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தது.

எங்களில் ஒருவரான தவமணிக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். எனக்கும் அவருக்கும் ஒரே சாதி, தூரத்து உறவும் உண்டு. அவர் மகளுக்குக் காதுகுத்து வைத்து எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். கிடாய் விருந்து, பந்தியில் இலை போட்டாயிற்று. தவமணியின் அப்பா ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். செல்லையாவுக்கு முன்னால் வந்து நின்று, "தம்பி யாரு?" என்றார். அவர் கேட்டது சாதியை என்று அந்தப் பந்தியில் தெரியாதவர்கள் இல்லை.

செல்லையா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நம்ம ஆளுதேன் மாமா."

"அப்படியா! எந்த ஊரு? அப்பா பேரு என்ன?"

திருமங்கலத்துப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னேன். வாயில் வந்த ஒரு பெயரையும் சொன்னேன். சோறு பரிமாறிக்கொண்டிருந்த தவமணிக்கு உண்மை தெரியும். அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பெரியவர் சந்தோஷமாக, "தம்பிக்குக் கறி வைங்கப்பா" என்று சத்தம் போட்டார். செல்லையா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். ஆபத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்றிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் செல்லையா செக்கானூரணி தாண்டியதும் சொன்னார்: "அண்ணே, அவரு கேட்டது என்னைய. பதில் என்கிட்ட இருந்துச்சு."

"பந்தியில இருந்து எந்திரிக்கச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"எந்திரிச்சிருப்பேன். பசியோட வந்திருப்பேன். எங்கப்பா பேரோட வந்திருப்பேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு நல்லது செய்ய வந்தேன் பார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களிடம் சொல்லாமல் தனியாக அந்த ஊருக்குப் போனார். பெரியவர் முன்னால் நின்று, தான் யார், தன் தகப்பனார் பெயர் என்ன, எந்தத் தெரு என்று சொல்லியிருக்கிறார். பெரியவர், "சொல்லிட்டேல்ல, கிளம்பு" என்று மட்டும் சொன்னாராம். திங்கட்கிழமை டீக்கடையில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "நீங்களும் ஒரு தடவ போயி, சொன்னது பொய்யின்னு சொல்லீருங்கண்ணே" என்று கேட்டார். "போவோம், போவோம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். அண்ணே என்றுதான் கூப்பிட்டார். என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து நின்றார். ஆனால் என்னோடு எந்த ஊருக்கும் அவர் அப்புறம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் அதோடு நின்றுபோயின.

பதினாலு வருஷம் ஓடிவிட்டது. அவரைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் நான் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். தவமணியின் அப்பாவுக்கு இப்போது எண்பதுக்குப் பக்கம் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்று நான் சொன்னது பொய் என்றும், அது முழுக்க முழுக்க என் வேலை என்றும் சொன்னேன்.

"அந்தத் தம்பிதேன் மறு வாரமே வந்து சொல்லிட்டானே. நீ இம்புட்டு வருசம் கழிச்சு எதுக்கு வந்த?" என்றார். பிறகு, "நல்லா இருக்கானா?" என்று கேட்டார்.

"போயிட்டாரு மாமா. முந்தாநாளு."

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அன்னைக்கு வெயில்ல நின்னுக்கிட்டே பேசினான். உக்காருன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. அது என்னைய அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆனா அவன எப்படிக் கூப்புடுறது, என்னன்னு சொல்லி விடுறது? நீ முன்னமே வந்திருந்தா, அவனக் கூட்டிட்டு வா மாப்ள, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகட்டும்னு உன்கிட்டச் சொல்லியிருப்பேன்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதானவர் முன்னால் அதை மறைக்கவும் தோன்றவில்லை.

செல்லையாவிடமிருந்து அவருடைய துணிச்சலை எடுத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. அது எனக்கு வாய்க்கவில்லை. அவரால் எனக்குக் கிடைத்தது அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை மட்டும்தான். அதைக் கேட்டிருக்க வேண்டியவர் செல்லையா.